இயங்கும் சரீரமும் எதிர்நிற்கும் கட்டடமும்



 சபையில் பேசிய இவ்வுரையை அச்சுக்குத் தரும்போது இடையிடையே கூறிய உபகதைகளை நீக்கி, வாதத்தின் பகுதிகளுக்கு எண்ணிட்டிருக்கிறேன். உங்களை முன்னிலைப்படுத்திப் பேசிய முறையை மட்டும் மாற்றவில்லை.

நான் எடுத்துக்கொண்ட விஷயம், மனித சரீரத்தின் இயக்கத்தை ஆதாரமாகக் கொண்டு கலைஞர்களுக்காகச் செய்யப்பட்ட பரிசோதனைக் கட்டடங்கள். விஷயம் பரந்தது, ஆகையால் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தை அடுத்த ஹெல்லெராவில் 1911-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற விழா அரங்கையும், அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துக் கென்ட்ஃபீல்டில் 1954-இல் அமைந்த ஒரு மரத்தளத்தையும் முதன்மையாக வைத்து, ஏனையவற்றை அவற்றை ஒட்டியே பார்க்கப் போகிறேன்.

இயக்கத்துக்கு உகந்த கட்டடம் எது என்று கேட்டால், வளைந்த சுவரும் அலைபோன்ற கூரையும் உடையதாய், தானே அசைவது போன்ற தோற்றத்தைத் தருவதே என்று பலர் விடை கூறுவர். அந்த அபிப்பிராயம் எனக்கு உடன்பாடன்று. ஆடுகிறவரின் காலடியிலிருந்து தொடங்கி வரைபடத்துக்கு வந்தவர்கள், நாம் எதிர்பாராத வகையில், நேர்க்கோட்டையும் தட்டைப் பலகையையும் கடினமான படியையுமே வந்தடைந்தார்கள். சரீரத்தின் அசைவைப் போலி செய்கிற கட்டடம் அந்த அசைவை ஒன்றுமில்லாததாக்கி விடுகிறது. அதற்கு எதிர்நின்று, அதன் பாரத்தை ஏற்று, அதன் காலத்தை அளந்து காட்டுகிற கட்டடமே அதனால் உருவம் பெற்ற கட்டடம் என்று சொல்லத்தக்கது. இதுவே இன்று நான் நிலைநாட்ட விரும்பும் சித்தாந்தம்.

1

இந்த வரலாறு ஒரு சங்கீத வகுப்பில் தொடங்குகிறது. ஜெனீவா நகரத்துச் சங்கீதக் கல்லூரியில் 1892 முதல் ஸ்வரச் சேர்க்கை இலக்கணத்தைக் கற்பித்துவந்த எமீல் ஜாக்-டால்குரோஸ் என்பவர், தம் மாணவர்களில் சிலர் காதால் நுட்பமாகக் கேட்கவும் விரலால் விரைந்து வாசிக்கவும் வல்லவர்களாக இருந்தும் லயம் மட்டும் அவர்களுக்குக் கைவராததைக் கண்டார். அதே மாணவர்கள் எழுந்து நடக்கும்போது காலப்பிரமாணம் தவறாமல் நடப்பதையும் கண்டார். லயத்தின் இருப்பிடம் காது மட்டுமன்று, தசையும் நரம்பும்கூட என்று துணிந்து, வாத்தியத்தைத் தொடுமுன் அவர்களை நடக்க வைத்தார். கைகளால் தாளத்தைக் காட்டிக்கொண்டே கால்களால் ஸ்வரங்களின் மாத்திரையை மிதித்துக் காட்டும்படி பயிற்றினார். இப்பயிற்சியை 1905-இல் ஸ்விட்ஸர்லாந்தின் ஸோலோதர்ன் நகரில் கூடிய சங்கீத மாநாட்டில் அவர் எடுத்துக்காட்டிய பிறகு, அதன் புகழ் பரவிற்று.

கட்டடக் கலைஞனுக்கு இதிலே என்ன இருக்கிறது? மாத்திரையைக் காலடியால் அளந்த அக்கணமே காலம் தூரமாகிவிடுகிறது. நெட்டெழுத்தைப் போல நீளும் ஸ்வரத்துக்கு நீண்ட அடி வேண்டும், அல்லது தூக்கிய கால் அந்தரத்தில் நிற்க வேண்டும். விரைந்த ஸ்வரங்களுக்குக் குறுகிய அடிகள் வேண்டும். தூரமாகிவிட்ட காலத்தை ஒரு தளம் ஏற்கலாம், ஒரு படி துண்டாடலாம், ஒரு சுவர் நிறுத்திவிடலாம். டால்குரோஸ் கட்டடத்தைப் பற்றி நினைத்து இதைச் செய்யவில்லை. அவர் வகுப்பறையின் தளம் வெறும் தட்டைத் தளம். அதன் போதாமையை உணர்ந்தவர் வேறொருவர்.

2

அவர் அடோல்ஃப் அப்பியா. 1862-இல் ஜெனீவாவில் பிறந்து, இளமை முழுவதையும் வாக்னரின் இசை நாடகங்களை மேடையேற்றும் முறையைச் சிந்திப்பதிலேயே கழித்த அவர், அக்காலத்து மேடைகளில் தொங்கிய வர்ணத் திரைகளை மனமார வெறுத்தார். திரையில் தீட்டிய காடு தட்டையானது. அதன் முன் நிற்கும் நடிகனுக்கோ கனமும் ஆழமும் உண்டு. தீட்டிய மரத்தில் அவன் சாய முடியாது, தீட்டிய பாறையில் ஏற முடியாது. சரீரம் தொட முடியாத பொருள்களின் நடுவே சரீரத்தை நிறுத்துவது பொய் என்பது அவர் வழக்கு. 1906-இல் டால்குரோஸின் பயிற்சியைக் கண்டதும், தாம் தேடிய ஆதாரம் கிடைத்துவிட்டதென்று உணர்ந்தார். 1909-இல், அம்மாணவர்களின் இயக்கத்துக்காகவே, ஏறத்தாழ இருபது வரைவுகளைத் தீட்டினார். லயத்துக்குரிய வெளிகள் என்பது அவற்றுக்கு வழங்கும் பெயர். அவற்றில் மரமில்லை, மாளிகையில்லை, இன்ன நாட்டின் இன்ன காலத்தின் அலங்காரம் என்று சுட்டத்தக்கது ஒன்றுமில்லை. படிகள், மேடைகள், சதுரத் தூண்கள், சரிவுகள், இவற்றின்மேல் விழும் நீண்ட நிழல்கள், அவ்வளவே.

ஏன் இந்த நேர்க்கோடுகள் என்ற கேள்விக்கு அவர் 1921-இல் வெளியிட்ட உயிருள்ள கலையைப் பற்றிய நூலில் தரும் விடை, என் வாதத்துக்கு அடித்தளமாதலால் அதைச் சற்று விரித்துரைக்க உங்கள் அனுமதியை வேண்டுகிறேன். கூர்மையான விளிம்புகளை உடைய ஒரு சதுரத் தூணை நினைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். ஒரு சரீரம் அதை அணுகுகிறது. தூணின் அசையாமையும் சரீரத்தின் அசைவும் ஒன்றற்கொன்று மாறுபடுவதிலேயே தூணுக்கு ஒருவகை உயிர்ப்பு உண்டாகிறது. சரீரம் அதைத் தொட்டுச் சாயும்போது தூண் இணங்காமல் நிற்கிறது. அந்த இணங்காமையால் சரீரத்தின் வளைவும் வலிவும் முன்னிலும் தெளிவாகத் தெரிகின்றன. அதே தூண் மென்மையானதாகி, சாய்ந்த உடலின் வடிவத்துக்கு ஏற்பக் குழைந்து கொடுத்தால், தூணும் தன் உயிரை இழக்கிறது, சரீரமும் தன் வெளிப்பாட்டை இழக்கிறது. இது வெறும் ரசனை அன்று, பௌதிக நியாயம். தரை அழுத்தாவிட்டால் குதிக்க முடியாது. மணலில் ஓடியவர் எவரும் இதை அறிவர்.

படியைப் பற்றியும் இதே முறையில் சிந்திக்கலாம். தட்டைத் தளத்தில் நடப்பவரின் பாரம் பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. படியில் இறங்குகிறவரோ ஒவ்வோர் அடியிலும் சிறிதளவு வீழ்ந்து, அவ்வீழ்ச்சியைத் தொடையாலும் முழங்காலாலும் தடுத்து, மீண்டும் வீழ்கிறார். ஏறுகிறவர் தம் பாரம் முழுவதையும் அடிக்கொருமுறை தூக்குகிறார். எல்லாப் படிகளும் ஒரே உயரமாயிருப்பதால் ஏற்றமும் இறக்கமும் தாமாகவே சமகாலமுடையவை ஆகின்றன. சமகாலம் ஏற்பட்ட பிறகுதான் அதை மீறுவது, அதாவது ஒரு படியில் தயங்குவதும் இரு படிகளைத் தாவுவதும், பொருளுடையதாகிறது. பாரத்தையும் காலத்தையும் ஒருங்கே பிரத்தியட்சமாக்கும் சாதனம் படியைப்போல் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

3

காகிதத்தில் இருந்த இக்கருத்துக்கு நிலமும் சுண்ணாம்பும் கிடைத்தது ஹெல்லெராவில். மரச்சாமான் தொழிலில் பெயர் பெற்ற கார்ல் ஷ்மிட், தொழிற்சாலையும் தொழிலாளர் வீடுகளும் தோட்டங்களும் ஒன்றாய் அமைந்த அத்தோட்ட நகரை 1909-இல் தொடங்கினார். அதன் அமைப்பை வகுத்தவர் ரிஹார்ட் ரீமர்ஷ்மிட். அவர்களோடு இருந்தவர் வுல்ஃப் டோர்ன் என்ற இளைஞர். நேப்பிள்ஸில் கடலுயிர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவிய அன்டோன் டோர்னின் மகன். தொழிலும் வாழ்வும் கலையும் ஒரே லயத்தில் இயங்க வேண்டும் என்ற அவரது நம்பிக்கை எத்தகையதெனின், டால்குரோஸைக் குடும்பத்தோடும் மாணாக்கரோடும் ஜெனீவாவிலிருந்து வரவழைத்து, அவருக்கென்று ஒரு பெரிய கலாசாலையையே கட்டித்தரத் துணிந்தார். கட்டடக் கலைஞராக அமைந்தவர் ஹைன்ரிஹ் டெஸ்ஸெனோவ். எளிய வீடுகளை வரைவதில் தேர்ந்தவர்.

அரங்கின் அளவுகளைக் கவனியுங்கள்: நீளம் 49 மீட்டர், அகலம் 16 மீட்டர், உயரம் 12 மீட்டர். ஒரே நீள்சதுரக் கூடம். மேடையையும் சபையையும் பிரிக்கும் முகப்பு வளைவு இல்லை. ஏறி இறங்கும் திரைச்சீலை இல்லை. நடிப்போருக்கு ஒரு கூரையும் பார்ப்போருக்கு ஒரு கூரையும் என்ற வேறுபாடு இல்லை. ஐரோப்பிய நாடகசாலை சில நூற்றாண்டுகளாகத் தனக்கு இன்றியமையாதவை என்று எண்ணியவற்றைக் களைந்துவிட்டு, வாத்தியக்காரர்களையும் தளத்துக்குக் கீழே பள்ளத்தில் இறக்கிவிட்டு, எஞ்சிய வெளியை முழுவதும் நடப்பவருக்கே ஒப்படைத்தார்கள். அந்த வெளியில் அப்பியாவின் படிகளும் மேடைகளும் வந்து அமர்ந்தன. அவை கட்டடத்தோடு கட்டிய படிகள் அல்ல. தனித்தனி மரத் துண்டங்களாகச் செய்து, பயிற்சிக்கும் நிகழ்ச்சிக்கும் வேண்டியவாறு அடுக்கிக் கலைத்து மறுபடியும் அடுக்கத்தக்கவை.

ஒளியின் அமைப்பு இன்னும் ஆச்சரியமானது. திஃப்லிஸ் நகரில் பிறந்த ஓவியர் அலெக்ஸாண்டர் ஃபோன் ஸால்ட்ஸ்மன், சுவர்களிலும் கூரையிலும் மெழுகேற்றிய வெண்துணியை இழுத்துக் கட்டி, அதற்குப் பின்னால் ஆயிரக்கணக்கான மின்விளக்குகளை மறைத்து, அனைத்தையும் ஓரிடத்திலிருந்தே கூட்டவும் குறைக்கவும் வகைசெய்தார். ஒளி எங்கிருந்தோ வந்து ஒருவர்மேல் விழுவதற்குப் பதிலாக, கூடமே ஒளிர்ந்தது. சங்கீதம் எழும்போது எழுந்து, தணியும்போது தணிந்தது. இதிலுள்ள விவேகம் என்னவென்று நான் பலமுறை சிந்தித்ததுண்டு. சுவரும் அசையவேண்டும் என்ற ஆசை கட்டடக்காரனுக்கு வருமானால், அந்த அசைவை ஒளியிடம் கொடுத்துவிட வேண்டும். சுவர் அசையாமலே நிற்க வேண்டும். டெஸ்ஸெனோவ் அவ்வாறே நின்றார். தம் சாமர்த்தியத்தைக் காட்ட அத்தனை இடமிருந்தும் ஒன்றையும் காட்டாத அவரது அடக்கத்தை, அக்கட்டடத்தின் மிகப்பெரிய சிருஷ்டி என்றே மதிக்கிறேன்.

1912-இல் நடந்த விழாவில் குளுக்கின் ஆர்ஃபியஸ் இசை நாடகத்தின் இரண்டாம் அங்கத்தையும், 1913-இல் நாடகம் முழுவதையும் நிகழ்த்தினார்கள். இறந்த மனைவியை மீட்கப் பாதாளத்துக்குச் செல்லும் பாடகனின் கதை அது. பாதாளத்தைக் காட்டப் பூதங்களையும் நெருப்பையும் தீட்டவில்லை. உயர்ந்த படிவரிசை ஒன்றே பாதாளம். அதன் உச்சியில் தோன்றிய ஆர்ஃபியஸ் படிப்படியாய் இறங்குகிறான். படிகளெங்கும் நெருங்கிக் கிடந்த சினதேவதைகள் கைகளாலும் உடல்களாலும் வழியை மறிக்கிறார்கள். பாட்டுக்கு இளகி வழிவிடுகிறார்கள். இறங்குதல் என்ற செயலுக்கு உரிய முழு அச்சமும் முழு உறுதியும் ஒரு மனிதனின் முழங்காலில் தெரியும்படி செய்ய, அந்த அசையாத படிகளுக்கு மட்டுமே இயன்றது. அவ்வாண்டுகளில் ஹெல்லெராவுக்கு வந்து பார்த்துச் சென்றவர்களில் பெர்னார்ட் ஷா உண்டு. ருஷ்ய நடனக் குழுவினரான டியாகிலெவும் நிஜின்ஸ்கியும் உண்டு. தம் சகோதரர் அங்கிருந்ததனால் வந்துபோன இளைஞர் ஒருவர் பின்னாளில் லெ கொர்புஸியே என்ற பெயரால் கட்டடக் கலைஞராக உலகப் புகழ் பெற்றார். மேரி விக்மன் அங்கே பயின்றவர். இசைக்கு அடங்கியே சரீரம் இயங்க வேண்டும் என்ற டால்குரோஸின் விதியோடு பிணங்கி வெளியேறி, புதிய ஜெர்மன் நடனத்துக்கு முதல்வியானவர்.

4

இங்கே ஒரு தடை எழும். எதிர்நிற்பதே கட்டடத்தின் தொழில் என்றால் எந்தப் பண்டசாலையும் போதுமே, இயக்கத்தை ஆராய்வானேன் என்று கேட்கலாம். எதிர்நிற்பது எங்கே, எந்த உயரத்தில், எந்தத் திசையில் என்பதை அறியத்தான் ஆராய்ச்சி வேண்டும். அதைச் செய்தவர் இருவரை மாத்திரம் குறிப்பிட்டு மேலே செல்கிறேன்.

ருடோல்ஃப் லாபான் இளமையில் பாரிஸில் கட்டடக் கலை பயின்று பின்னர் நடனத்துக்கு வந்தவர். நின்ற இடத்தைவிட்டு நகராமல் கையும் காலும் எட்டக்கூடிய எல்லையை ஒரு கோளமாகக் கொண்டு, அதனுள் இருபது முகங்களும் பன்னிரண்டு முனைகளும் உடைய ஒரு திண்ம வடிவத்தைப் பொருத்தி, அசைவின் திசைகளை அம்முனைகளால் பெயரிட்டார். 1928-இல் அசைவுகளை எழுதும் குறியீட்டு முறையையும் வெளியிட்டார். ஒவ்வொருவரும் தம்மோடு ஓர் அறையைச் சுமந்து திரிகிறார் என்பது இதனால் விளங்குகிறது. கட்டடக் கலைஞன் கட்டும் அறை அதற்கு வெளியே உள்ள இரண்டாவது அறை.

ஆஸ்கர் ஷ்லெம்மர் வேறு வழி சென்றார். 1922-இல் ஸ்டுட்கார்ட்டில் அரங்கேறிய அவரது முப்பகுதி நடனத்தில் ஆடுவோர் மூவர், நடனங்கள் பன்னிரண்டு, உடைகள் பதினெட்டு. அவ்வுடைகள் பஞ்சாலும் கம்பியாலும் பலகையாலும் ஆனவை. கோளமும் கூம்பும் வட்டத்தகடுமாய் ஆடுவோரை இறுக்கி, இன்னவாறே அசையலாம் என்று கட்டளையிட்டவை. தூணின் எதிர்ப்பை எடுத்து மனிதன்மேல் உடுத்திவிட்டார் என்று சொல்லலாம். அழகில் நிகரற்ற அப்படைப்பை நான் போற்றுகிறேன். ஆயினும் சாய்வதற்கும் விலகுவதற்கும் உரிமை இருக்கும்போதுதான் எதிர்ப்பு இயக்கத்தை வளர்க்கிறது என்ற பாடத்தையும் அதிலிருந்தே கற்கிறேன். உடையிலிருந்து விலக வழியில்லை. அவர் கற்பித்த கலைப்பள்ளியாகிய பௌஹௌஸுக்கு டெஸ்ஸவ் நகரில் 1926-இல் திறக்கப்பெற்ற கட்டடத்தில் மேடையை மண்டபத்துக்கும் உணவுக்கூடத்துக்கும் நடுவே, இருபுறமும் திறக்கும்படி அமைத்தது அந்த ஸ்தாபனத்தின் வாழ்வைப் பற்றி நிறையச் சொல்கிறது. ஆடுவதும் உண்பதும் அங்கே அடுத்தடுத்த அறைகளில் நடந்தன.

5

இனி அட்லாண்டிக்கைக் கடந்து செல்வோம். பௌஹௌஸைத் தோற்றுவித்த குரோப்பியஸ் ஜெர்மனியைவிட்டு நீங்கி ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் போதித்த காலத்தில் அங்கே பயின்றவர் லாரன்ஸ் ஹால்ப்ரின். நிலவனப்பு அமைப்பில் பின்னர் பெரும்பெயர் பெற்றவர். அவர் மனைவி அன்னா ஹால்ப்ரின் நடனக் கலைஞர். 1920-இல் பிறந்து 2021 வரை வாழ்ந்து, இறுதிவரை கற்பித்தவர். சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே டமல்பாயஸ் மலையடிவாரத்தில் அவர்கள் வீடு கட்டிக் குடியேறினார்கள். சிறு பெண்குழந்தைகளின் தாயாக இருந்த அன்னாவுக்கு வீட்டைவிட்டு அகலாமல் தம் கலையைத் தொடர ஓர் இடம் வேண்டியிருந்தது. கணவரும், மார்த்தா கிரஹாமின் நடனங்களுக்கு மேடையமைத்து அநுபவம் பெற்ற ஆர்ச் லாட்டரரும் சேர்ந்து, வீட்டுக்குக் கீழே காடடர்ந்த சரிவில், தூண்கள்மேல் நிற்கும் ஒரு மரத்தளத்தை வகுத்தனர்.

அங்கே நின்ற செம்மரங்களும் மத்ரோன் மரங்களும் வெட்டப்படவில்லை. தளத்தின் விளிம்பு அவற்றுக்கு விலகி, ஒடிந்து ஒடிந்து, சதுரமென்றும் வட்டமென்றும் சொல்ல முடியாத ஒரு கோணவடிவாய்ச் செல்கிறது. வீட்டிலிருந்து இறங்கிவரும் சரிவில் பார்ப்போர் அமரப் படி இருக்கைகள். சுவரில்லை, கூரையில்லை. தளமோ நேரான பலகைகளால் ஆனது, மட்டமானது. அலைபாயும் மலைச்சரிவின் நடுவே மனிதனின் நிமிர்ந்த நிலைக்காகச் செய்யப்பட்ட ஒரே மட்டம் அதுதான்.

அத்தளம் அன்னாவை எவ்வாறு மாற்றிற்று என்பதே இவ்வரலாற்றின் சுவையான பகுதி. பெட்டி போன்ற நாடகமேடையில் முன்பக்கம் ஒன்று உண்டு, நடு உண்டு, ஆடுபவர் எங்கே நின்றாலும் அவ்விரண்டையும் ஒட்டியே தம்மை நிறுத்திக்கொள்கிறார். இங்கே விளிம்பு ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையை நோக்கியது; ஒரு விளிம்புக்கு அப்பால் பள்ளம், மற்றொன்றுக்கு அப்பால் மரத்தின் அடி. வெயில் நகர்கிறது, காற்று இலைகளை அசைக்கிறது, பறவை குறுக்கே பறக்கிறது. தம்மைச் சுற்றிலும் எல்லாம் அசைந்துகொண்டிருக்கும்போது அசைவு என்பது தமக்கே உரிய தனிச்சிறப்பன்று என்று உணர்ந்த அன்னா, கற்ற பாணிகளை மெல்ல உதறி, நடத்தல், சுமத்தல், பெருக்குதல் முதலிய அன்றாடச் செயல்களையே நடனத்தின் மூலப்பொருளாகக் கொண்டார். 1957-இல் நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்ஹாம் அத்தளத்துக்கு வந்து விளக்க உரையோடு ஆடிக்காட்டினார். 1960-ஆம் ஆண்டுக் கோடையில் அன்னா நடத்திய பயிற்சிக்கு ஸிமோன் ஃபோர்ட்டி, ட்ரிஷா பிரவுன், இவான் ரெய்னர் முதலியோர் வந்தனர். அடுத்த சில ஆண்டுகளில் நியூயார்க்கில் நடனத்தின் போக்கையே திருப்பியவர்கள் இவர்கள். ஒரு தளத்தைக் கட்டியவர்கள் ஒரு கலையின் திசையை மாற்றுவோம் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

ஹெல்லெராவின் படியும் கென்ட்ஃபீல்டின் விளிம்பும் செய்த காரியம் ஒன்றே. இரண்டும் இணங்கவில்லை. இடறிவிடாதபடி நினைவோடு இருக்கச் செய்தன. அந்த நினைவிலிருந்து புதிய அசைவு பிறந்தது.

எனினும் எதிர்ப்புக்கும் ஓர் அளவு உண்டு என்பதை, ஆடுவோரின் எலும்புக்காக, இங்கே வற்புறுத்த விரும்புகிறேன். கான்கிரீட்டின்மேல் நேரே ஒட்டிய தளத்தில் குதிப்பவரின் பாதத்துக்கு அந்த அதிர்ச்சி முழுவதும் திரும்பி வருகிறது; கணைக்காலின் எலும்பும் முழங்காலும் நாளடைவில் அதைத் தாங்காமல் நோகின்றன. உத்தரங்களின்மேல் பரப்பிய மரப்பலகை நூலளவு இறங்கி ஏறுவதால் அதிர்ச்சியைப் பகிர்ந்துகொள்கிறது. பாதம் உறுதியை உணரவேண்டும், மூட்டு அடியை உணரக்கூடாது. ஆடுவோருக்கென்று கட்டப்படும் கூடங்களில் முகப்புக்குச் செலவிடும் பொருளில் சிறு பங்கை இந்தப் பலகைக்கு ஒதுக்காதவர்களை நான் மன்னிக்கத் தயாராயில்லை.

6

கென்ட்ஃபீல்டில் பயின்ற ஸிமோன் ஃபோர்ட்டி 1961-இல் நியூயார்க்கில் யோகோ ஓனோவின் மாடியில் நிகழ்த்திக் காட்டிய படைப்புகளில் ஒன்று சாய்பலகை. ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் சுவரோடு சாத்திய ஒரு மரப்பலகை. அதன் உச்சியிலிருந்து தொங்கும் கயிறுகள். அக்கயிறுகளைப் பற்றிக்கொண்டு சிலர் மேலும் கீழும் குறுக்குமாய் நகர்கிறார்கள், களைத்தால் அங்கேயே தங்குகிறார்கள். பலகையை நீக்கினால் நடனம் இல்லை. நடனத்தை நீக்கினால் அது வெறும் பலகை. ஆடுகிறவரே கட்டடக்காரராகிவிட்ட நிலை இது. 1970-இல் ட்ரிஷா பிரவுன், இடுப்பில் கயிறு கட்டிய ஒருவரை நியூயார்க்கின் ஊஸ்டர் தெருக் கட்டடமொன்றின் சுவர்மேல் உச்சியிலிருந்து தரைவரை நடந்து இறங்கச் செய்தபோது, எவரோ எப்போதோ எதற்காகவோ கட்டிய செங்குத்துச் சுவரும் தளமாயிற்று.

அதே காலத்தில் பிரான்சில் கட்டடக் கலைச் சிந்தனையாளர்களான கிளோட் பரானும் போல் விரிலியோவும் மனிதன் சரிவில்தான் வாழவேண்டும் என்று ஒரு சித்தாந்தம் வகுத்தார்கள். மட்டத்தளம் மனிதனைத் தூங்கவைக்கிறது, சரிவு விழிக்கவைக்கிறது என்பது அதன் சாரம். நெவேர் நகரில் 1966-இல் எழுந்த அவர்களது தேவாலயத்தின் தளமே சரிந்திருக்கிறது. நாந்தேர் பல்கலைக்கழகத்தில் சரிதளங்களாலான ஓர் உயர்ந்த அமைப்பை எழுப்பி, தாங்களே அதில் வாரக்கணக்கில் குடியிருந்து சரீரத்தின்மேல் அதன் விளைவை ஆராயவும் திட்டமிட்டனர். 1968 மே மாதத்துக் கிளர்ச்சியால் அது நடவாது போயிற்று. தம் உடலையே பரிசோதனைக்கு உட்படுத்த முன்வந்த அந்த நேர்மைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அவர்களது முடிவை ஏற்க என்னால் இயலவில்லை. ஃபோர்ட்டியின் பலகையில் ஏறியவர் தாமாக ஏறினார், வேண்டும்போது இறங்கினார். நாள்முழுதும் சரிவில் நிற்க விதிக்கப்பட்ட முதியவருக்கும், தடியூன்றி நடப்பவருக்கும் அந்த உரிமை இல்லை. கலைஞருக்கு உரிய இடத்தில் வரமாயிருப்பது, கேளாத ஒருவர்மேல் சுமத்தப்படும்போது தண்டனையாகிறது.

7

லாரன்ஸ் ஹால்ப்ரின் இவ்விஷயத்தில் கற்ற பாடம் வேறுவகை. மனைவியின் மாணவர்களை ஆண்டுக்கணக்கில் கவனித்த அவர், கட்டட வரைபடம் அசையாத பொருளை மட்டுமே காட்டுவதைக் கண்டு மனம் நொந்து, ஒரு வெளியினூடே செல்பவரின் நடையையும் அவர் காணும் காட்சியின் மாற்றத்தையும் காலத்தோடு சேர்த்து எழுதும் குறியீட்டு முறையொன்றை 1965-இல் வெளியிட்டார். 1966-இல் கணவனும் மனைவியும் கட்டடக் கலைஞர்களையும் நடனக் கலைஞர்களையும் ஒரே பயிற்சியில் சேர்த்தனர். கண்களைக் கட்டிக்கொண்டு நடக்கவைத்தனர். பசிபிக் கரையில் ஸீ ராஞ்ச் கடற்கரையில் அலை ஒதுக்கிய மரத்துண்டுகளைக்கொண்டு, வரைபடமின்றி, கையும் தோளும் போன போக்கில் ஒரு சிற்றூரையே கட்டவைத்தனர். கட்டடக் கலைஞன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கனமான மரத்தைத் தூக்கும்போதுதான் தன் உயரத்தையும் தன் மூச்சையும் அறிகிறான் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடசாலையை நான் அறியேன். செயல்முறைகளைக் குறிப்பாக எழுதி, நிகழ்த்திப் பார்த்து, மதிப்பிட்டு, மறுபடியும் எழுதும் அந்த முறையை 1969-இல் அவர் நூலாக்கினார்; போர்ட்லண்டு நகரில் அவர் அமைத்த நீரூற்றுச் சதுக்கங்களில் மக்கள் ஏறியும் தாவியும் நனைந்தும் திரிவது அதன் கனி.

இயக்கத்துக்காகக் கட்டியவற்றில் எது நிலைக்கிறது, எது மறைகிறது என்பதை அறிய, ஹெல்லெராவின் பிற்கால வரலாற்றை இங்கே சொல்லியாக வேண்டும். வுல்ஃப் டோர்ன் 1914-இன் தொடக்கத்தில் பனிச்சறுக்கு விபத்தில் இறந்தார். அவ்வாண்டே போர் மூண்டது. ரேம்ஸ் தேவாலயத்தை ஜெர்மானியப் படை பீரங்கியால் தாக்கியதைக் கண்டித்த அறிக்கையில் கையொப்பமிட்ட டால்குரோஸுக்கு ஜெர்மனியின் கதவு மூடிற்று. அவர் ஜெனீவாவில் தம் கலாசாலையை 1915-இல் புதிதாகத் தொடங்கினார். பின்னர் ஹெல்லெராக் கட்டடம் காவலர் பயிற்சிக்கும் படைக்கும் இருப்பிடமாயிற்று. 1945-க்குப் பிறகு ஏறத்தாழ அரை நூற்றாண்டு சோவியத் படையினர் வசம் இருந்தது. மெழுகுத்துணியும் விளக்குகளும் போயின. அப்பியாவின் படிகளில் ஒன்றும் எஞ்சவில்லை. கூடம் மட்டும் நின்றது. செப்பனிடப்பெற்று 2006-இல் மீண்டும் திறந்தபோது, நடனக் கலைஞர்கள் வந்து வேலையைத் தொடங்குவதற்கு அதன் சுவர்களில் திருத்தவேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை.

இயக்கத்தால் நேரே வடிவம் பெற்றவை மரத்தாலான படிகள். அவை அழியத்தக்கவை, அழிந்தன, அழிந்ததில் குறையுமில்லை, ஏனெனில் அடுத்த தலைமுறையின் இயக்கம் வேறு படிகளைக் கேட்கும். அவற்றுக்கு இடங்கொடுத்த கூடம் மெதுவாக முதிரும் பொருள். ஒரு கலைஞர் குழுவின் அசைவை ஆராய்ந்து அதைக் கான்கிரீட்டில் வார்த்துவிடுகிறவர்கள், விரைந்து மாறவேண்டியதை மெதுவான பொருளில் பூட்டிவிடுகிறார்கள். பத்தாண்டுக்குப் பின் வரும் குழு முன்னோரின் பழக்கங்களுக்குள் சிறைப்படுகிறது. கென்ட்ஃபீல்டிலும் பலகைகள் நைந்தால் மாற்றலாம். தூண்களையும் மரங்களையும் அப்படியே விட்டுவிடலாம்.

ஆகவே கட்டடக் கலை பயிலும் மாணவர்களுக்கும், கலைஞர்களுக்கு இடம் கட்ட முன்வரும் ஸ்தாபனத்தாருக்கும் என் விண்ணப்பம் இது. வரைபடத்தில் கோடு விழுமுன் அந்த நிலத்தில் ஆடுவோர் ஒரு பருவமேனும் வேலை செய்யட்டும். வரைபவர் அருகிருந்து அவர்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே சாய்கிறார்கள், எந்த இடத்தைத் தாமே விட்டுவிடுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளட்டும். தளம் உத்தரத்தின்மேல் பரப்பிய மரமாக இருக்கட்டும். சுவர்களும் கூரையும் எளியனவாய் முதலில் எழட்டும். கட்டடச் செலவில் ஒரு பங்கைத் தனியே எடுத்துவைத்து, ஓராண்டு உபயோகித்த பிறகு, படிகளையும் மேடைகளையும் தச்சரிடம் சொல்லிச் செய்யட்டும். அப்போது அவற்றின் உயரத்தை நிர்ணயிக்க உட்காரும் குழுவில், கட்டடக் கலைஞருக்குப் பக்கத்தில், அந்த ஓராண்டும் அங்கே ஆடியவர்களுக்கும் ஆசனம் போடட்டும்.